இசட் புள்ளியில் சேராத பாடங்கள்: உயர்தர மாணவியரும் இணைப்பாடவிதானச் செயற்பாடுகளும்

சென்ற வருடம் தரம் 12 மாணவியரின் பெற்றார் கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்துகொண்டிருந்தார்கள். ஒரு தாய் மட்டும் மண்டப வாசலில் எனக்காகக் காத்து நின்றார். அவருடைய கையில் ஒரு கடிதம் இருந்தது. தமிழ் இலக்கிய மன்றச் செயலாளர் பதவியிலிருந்து விலகுவதாக அவருடைய மகள் எழுதிய கடிதம் அது. அதை என்னிடம் நீட்டியபோது அவர் கோபமாக எதுவும் பேசவில்லை. மிகவும் பணிவாக ஒரே ஒரு கேள்வியைக் கேட்டார்.

"டீச்சர், குறை நினைக்காதீங்க. இந்த மன்றம், விவாதம் எல்லாம் செஞ்சா புள்ளட இசட் ஸ்கோர் கூடுமா?"

அன்று நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. "ஆளுமை வளரும், தலைமைத்துவம் வரும்" என்று மேடைகளில் வழக்கமாகச் சொல்வதையே சொல்லி வைத்தேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அதே வாரத்தில் இன்னும் நான்கு கடிதங்கள் வந்தன. அடுத்த இரண்டு தவணைகளிலும் எங்கள் சுவர்ப் பத்திரிகைப் பலகை வெறுமையாகவே கிடந்தது.

அந்தத் தாய்க்கு அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய பதிலையே இப்போது எழுதுகிறேன். உயர்தர வகுப்பில் காலடி வைத்திருக்கும் மாணவியரே, இது உங்களுக்கும் உரியதுதான்.

பெயரும் பொருளும்

பாடசாலை நேரசூசியில் இடம்பெற்று, பாடநூலும் பரீட்சையும் கொண்டு நடப்பவற்றைப் பாடவிதானம் என்கிறோம். அதற்கு வெளியே பாடசாலையின் பொறுப்பில் நடக்கும் செயற்பாடுகளை முன்னர் புறப்பாடவிதானச் செயற்பாடுகள் என்றார்கள். இன்று இணைப்பாடவிதானச் செயற்பாடுகள் என்ற பெயரே பெருவழக்கு. 'புற' என்றால் வெளியே நிற்பது. 'இணை' என்றால் பக்கத்தில் சேர்ந்து நடப்பது. பெயர் மாறியபோது நோக்கும் மாறியது. வகுப்பறையில் படித்ததைச் செய்து பார்க்கும் இடம் என்றே இவை இன்று கருதப்படுகின்றன.

எங்கள் பாடசாலைகளில் நடப்பவற்றை வசதிக்காக நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

1. மொழி, கலை சார்ந்தவை: இலக்கிய மன்றம், விவாதம், சுவர்ப் பத்திரிகை, நாடகம், தமிழ் மொழித் தினப் போட்டிகள்.
2. உடல் சார்ந்தவை: வலைப்பந்து, மெய்வல்லுநர் நிகழ்ச்சிகள், இல்ல விளையாட்டுப் போட்டி, சதுரங்கம் போன்ற உள்ளக விளையாட்டுகள்.
3. சேவை சார்ந்தவை: பெண் சாரணியம், முதலுதவிப் படை, சுற்றாடல் கழகம்.
4. நிர்வாகம் சார்ந்தவை: மாணவத் தலைவியர் சபை, மாணவர் பாராளுமன்றம், வகுப்பு மன்றங்கள், மன்றங்களின் செயற்குழுக்கள்.

இவற்றுள் பெண் சாரணியத்தின் தொடக்கம் நமக்கு ஒரு நல்ல பாடம். 1909ஆம் ஆண்டு இலண்டனில் கிறிஸ்டல் பலஸ் என்ற இடத்தில் ஆண் சாரணர்களின் பெரும் ஒன்றுகூடல் நடந்தது. அழைப்பில்லாமலே சில சிறுமியர் அங்கே வந்து நின்று, தாங்களும் இதில் சேர வேண்டும் என்று கேட்டார்கள். அடுத்த ஆண்டே பேடன் பவலும் அவருடைய சகோதரி அக்னஸும் பெண்களுக்கெனத் தனி இயக்கத்தை ஆரம்பித்தார்கள். 1917இல் அது கண்டிக்கு வந்து, இலங்கையில் வேரூன்றியது. பிள்ளைகளே கேட்டுப் பெற்ற ஒன்றை, இன்று நம் பிள்ளைகள் கடிதம் எழுதிக் கைவிடுகிறார்கள்.

தாயின் கேள்விக்கு நேரான பதில்

இசட் புள்ளி கூடுமா? கூடாது.

இதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். இசட் புள்ளி என்பது மூன்று பிரதான பாடங்களில் ஒரு மாணவி பெற்ற புள்ளிகளைக் கொண்டு கணிக்கப்படுவது. அந்தப் பாடத்துக்குத் தோற்றிய எல்லோருடைய சராசரியிலிருந்தும் அவள் எவ்வளவு மேலே அல்லது கீழே நிற்கிறாள் என்பதை அது காட்டுகிறது. பொது ஆங்கிலமும் பொதுச் சாதாரணப் பரீட்சையும்கூட அந்தக் கணிப்பில் சேர்வதில்லை. அப்படியிருக்க, விவாத மேடைக்கு அதில் எப்படி இடம் கிடைக்கும்? விளையாட்டு முதலிய துறைகளில் தேசிய, சர்வதேச மட்டத்தில் பிரகாசித்தவர்களுக்குப் பல்கலைக்கழக அனுமதியில் சிறியதொரு விசேட ஏற்பாடு உண்டு. அது மிகச் சிலருக்கே எட்டும் கதவு. அதை நம்பி எந்த மாணவியும் மன்றத்தில் சேரத் தேவையில்லை.

பெற்றாரின் பயத்துக்குக் காரணமும் உண்டு. பல்கலைக்கழக இடங்கள் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் பகிரப்படுகின்றன. தகுதி பெறும் எல்லோருக்கும் இடமில்லை. வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே நின்று அழுத பிள்ளைகளை நானும் பார்த்திருக்கிறேன். ஆகவே, "படிப்புத்தான் முக்கியமா?" என்று பெற்றாரைப் பார்த்து ஆசிரியர்கள் முகம் சுளிக்கக் கூடாது. படிப்பு முக்கியம்தான்.

ஆனால் அந்தக் கேள்விக்குப் பின்னால் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. அந்தப் பிள்ளை 19 வயதில் பாடசாலையை விட்டுப் போகும்போது என்னென்ன தெரிந்துகொண்டு போக வேண்டும்? பரீட்சைத் தாள் அவளிடம் கேட்காத, வாழ்க்கை கேட்கப்போகும் சில விடயங்கள் உள்ளன. அவற்றைப் படிக்க வேறு வகுப்பு எதுவும் கிடையாது.

பரீட்சை கேட்காத மூன்று பாடங்கள்

பொதுவாகப் பேசாமல், மூன்று செயற்பாடுகளை மட்டும் எடுத்துப் பார்ப்போம்.

முதலாவது வலைப்பந்து. ஓர் அணிக்கு ஏழு பேர். ஒவ்வொருவரும் மைதானத்தின் எந்தப் பகுதிக்குள் நிற்கலாம் என்பது அவரவர் இடத்தைப் பொறுத்து வரையறுக்கப்பட்டிருக்கிறது. வளையத்துக்குள் பந்தை எறியும் உரிமை இருவருக்கு மட்டுமே. பந்தைக் கையில் எடுத்தவர் அதைத் தட்டிக்கொண்டோ தூக்கிக்கொண்டோ ஓட முடியாது. மூன்று விநாடிக்குள் மற்றவருக்குக் கொடுத்துவிட வேண்டும். இந்தச் சட்டங்களை ஒன்றாக வைத்து யோசித்துப் பாருங்கள். எவ்வளவு திறமை இருந்தாலும் ஒருத்தி தனியாக வெல்ல முடியாதபடி இந்த விளையாட்டு அமைக்கப்பட்டிருக்கிறது. தனக்கு உரிமையில்லாத எல்லைக்கு அப்பால் நிற்பவளை நம்பி பந்தை விட்டுவிடத்தான் வேண்டும். வகுப்பில் முதலாம் பிள்ளையாகவே இருந்து பழகிய மாணவிக்கு இது கடினமான பாடம். 2018இல் ஆசிய வலைப்பந்துக் கிண்ணத்தை இலங்கை அணி வென்றபோது யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கத்தின் உயரத்தைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். அந்த உயரத்துக்குப் பந்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் கைகளும் அணியில் இருந்ததால்தான் புள்ளிகள் விழுந்தன.

இரண்டாவது முதலுதவி. காலைக் கூட்டத்தில் ஒரு பிள்ளை மயங்கி விழுந்தால் என்ன செய்கிறோம்? சுற்றிக் கூட்டம் கூடுகிறது. யாரோ தூக்கி உட்கார வைக்கிறார்கள். செய்ய வேண்டியது அதற்கு நேர்மாறானது. படுக்க வைத்து, கால்களைச் சற்று உயர்த்தி, காற்று வர இடம் விட வேண்டும். மூக்கிலிருந்து இரத்தம் வந்தால் தலையைப் பின்னால் சாய்க்கக் கூடாது. முன்னால் குனிய வைத்து, மூக்கின் மென்மையான பகுதியை 10 நிமிடம் விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். சமையலறையில் கொதிநீர் பட்டால் பற்பசை பூசுவது நம் வீடுகளில் இன்றும் வழக்கம். அதைப் பூசாமல், குழாயில் ஓடும் குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம் பிடிக்க வேண்டும். நிலைமை மோசமென்றால் 1990க்கு அழைத்துச் 'சுவசெரிய' அம்புலன்ஸை வரவழைக்க வேண்டும். உயிரியல் பாடத்தில் தோலின் அமைப்பை அழகாக வரைந்து பெயர் குறிக்கத் தெரிந்த மாணவி, தம்பியின் கையில் தேநீர் கொட்டியபோது பற்பசையைத் தேடி ஓடியதை எனக்குத் தெரியும். அறிவு இருந்தும், அது கைக்கு இறங்கவில்லை. முதலுதவிப் படையில் செய்யும் பயிற்சி அறிவைக் கைக்கு இறக்கித் தருகிறது.

மூன்றாவது, யாரும் பெரிதாக நினைக்காத மன்றச் செயலாளர் பதவி. கூட்டத்துக்கு முன் நிகழ்ச்சி நிரல் தயாரிக்க வேண்டும். அதிபரிடம் அனுமதி பெற வேண்டும். சென்ற கூட்ட அறிக்கையை வாசித்து, பிழையிருந்தால் சபை முன்னிலையில் திருத்தி ஏற்றுக்கொள்ளச் செய்ய வேண்டும். யார் என்ன சொன்னார்கள் என்பதைத் தன் விருப்பு வெறுப்பைக் கலக்காமல் எழுத வேண்டும். தனக்குப் பிடிக்காத தீர்மானத்தையும் அப்படியே பதிய வேண்டும். ஒரு பெண் நாளை காரியாலயத்தில் இருந்தாலும், ஆசிரியையாக இருந்தாலும், ஊரில் ஒரு மாதர் சங்கத்தை நடத்தினாலும் இந்த வேலை அவளைத் தேடி வரும். பட்டம் பெற்ற பின்னும் ஒரு கூட்ட அறிக்கை எழுதத் தடுமாறுவோர் நம்மிடையே பலர்.

நம் முன்னோடி ஒருவர்

தொழில் ஒன்று, பணி இன்னொன்று என்று வாழ்ந்து காட்டிய ஒருவரை இலங்கை முஸ்லிம்கள் மறக்க முடியாது. 1838இல் கண்டியில் பிறந்த அறிஞர் சித்திலெப்பை தொழிலால் சட்டத்தரணி. நீதிமன்ற வேலையோடு நின்றிருந்தால் அவர் வசதியாக வாழ்ந்திருப்பார். நாம் அவர் பெயரை அறிந்திருக்க மாட்டோம். 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். 1885இல் 'அஸன்பேயுடைய கதை' என்ற நாவலை வெளியிட்டார். பெண் பிள்ளைகளுக்கென்று கண்டியில் பாடசாலையும் திறந்தார். இவற்றில் எதுவும் அவருடைய தொழில் கேட்ட வேலை அல்ல. நாம் இன்று ஒரு பெண்கள் கல்லூரியில் இருந்துகொண்டு தமிழில் ஒரு சஞ்சிகை வெளியிடுகிறோம் என்றால், அதன் தொடக்கத்தில் அவரைப் போன்றோர் தொழிலுக்கு வெளியே செலவிட்ட மணித்தியாலங்கள் இருக்கின்றன.

எங்கள் பக்கத்துத் தவறுகள்

பெற்றார் சந்தேகப்படுவதற்கு ஆசிரியர்களாகிய நாங்களும் காரணம். இதை ஒப்புக்கொள்ளாமல் மேலே எழுதுவது நேர்மையாகாது.

பேச்சுப் போட்டிக்கு மாணவியைத் தெரிவுசெய்கிறோம். பேச்சை யார் எழுதுகிறார்? பல சமயம் ஆசிரியரே. நானும் எழுதியிருக்கிறேன். மாணவி அதை மனனம் செய்கிறாள். எந்த இடத்தில் கையை உயர்த்த வேண்டும் என்பதையும் நாங்களே சொல்லிக் கொடுக்கிறோம். வலய மட்டத்தில் முதலிடம் கிடைக்கிறது. படம் எடுக்கிறோம். ஒரு தடவை, அப்படிப் பரிசு பெற்ற மாணவியிடம் ஒரு விருந்தினர் அந்தப் பேச்சிலிருந்தே ஒரு சிறு கேள்வியைக் கேட்டார். பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. பரிசு எனக்குக் கிடைத்திருந்தது. அவளுக்குக் கிடைத்தது சான்றிதழ் மட்டும்.

அடுத்த தவறு, எல்லாவற்றுக்கும் அதே ஐந்தாறு பிள்ளைகளைக் கூப்பிடுவது. விவாதத்துக்கும் அவள், நாடகத்துக்கும் அவள், அறிவிப்புக்கும் அவள். அவளுக்குப் படிக்க நேரமில்லை. பின் வரிசையில் இருப்பவளுக்கு வாய்ப்பில்லை. முதலாமவளின் தாய் விலகல் கடிதத்தோடு வருகிறார். இரண்டாமவள் 13 வருடம் பாடசாலைக்கு வந்து, ஒரு தடவையேனும் ஒலிவாங்கியைத் தொடாமலே போகிறாள்.

மூன்றாவது தவறு மாணவியருடையது. சான்றிதழ் சேர்ப்பதற்காக எட்டு மன்றங்களில் பெயர் கொடுப்பது. கோவையில் 20 சான்றிதழ்கள் இருக்கும். "இவற்றில் எதையாவது நீங்கள் தொடங்கி முடித்தீர்களா?" என்று ஒரு நேர்முகப் பரீட்சையில் கேட்டால் பதில் இருக்காது.

எப்படித் தெரிவுசெய்வது?

ஆகவே நான் சொல்ல வருவது இதுதான். உயர்தரத்தில் ஒரு செயற்பாட்டை எடுங்கள். ஒன்று போதும். அதில் பெயர் மட்டும் கொடுக்காமல் ஒரு பொறுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். அதை முடித்து அடுத்தவளிடம் கையளித்துவிட்டுப் பரீட்சைக்குப் போங்கள்.

இது என் கண்டுபிடிப்பு அல்ல. 1956இல் பிரித்தானியாவில் தொடங்கி இன்று இலங்கை உட்படப் பல நாடுகளில் நடைபெறும் எடின்பரோ கோமகன் சர்வதேச விருதுத் திட்டமும் இதே அடிப்படையில்தான் அமைந்திருக்கிறது. 14 முதல் 24 வயது வரையானோர் வெண்கலம், வெள்ளி, தங்கம் என்ற மூன்று படிகளில் இதில் சேரலாம். சேவை, திறன் விருத்தி, உடற்பயிற்சி, துணிகரப் பயணம் ஆகியன அதன் பிரதான பகுதிகள். அங்கே யாரும் யாரையும் தோற்கடிப்பதில்லை. முதலாம் இடம் என்று ஒன்றும் இல்லை. பயணத்தைத் தவிர்ந்த ஏனைய பகுதிகளில் வாரத்துக்கு ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் தவறாமல் செய்தீர்களா என்பதே கேள்வி. 16 வயதுக்குப் பின் நேரடியாகத் தங்க விருதுக்குச் சேர்பவர் குறைந்தது 18 மாதம் தொடர வேண்டும். உயர்தர வகுப்பின் காலமும் ஏறத்தாழ அவ்வளவுதான். வாரம் ஒரு மணித்தியாலம் சிறியது. அதை 18 மாதம் விடாமல் செய்வது சிறியதல்ல.

தெரிவுசெய்யும்போது உங்களையே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. எனக்கு எது வராது? கூச்சம் உள்ளவளுக்கு விவாதம் தேவை. எப்போதும் பேசிக்கொண்டிருப்பவளுக்கு அறிக்கை எழுதும் வேலை தேவை. ஏற்கெனவே நன்றாக வருவதை மட்டும் எடுத்தால் பரிசு கிடைக்கும். புதிதாக ஒன்றும் வராது.
2. இதில் நான் இல்லாவிட்டால் நின்றுபோகும் வேலை எது? அந்த வேலையைக் கேட்டுப் பெறுங்கள். அது பொருளாளராகக் கணக்கு வைப்பதாக இருக்கலாம். பந்துகளை எண்ணி அறையைப் பூட்டுவதாகவும் இருக்கலாம்.
3. இதை எப்போது முடிப்பேன்? முடிவுத் திகதி இல்லாத பொறுப்பு, பரீட்சை நெருங்கும்போது பாரமாகிவிடும்.

நேரம் எங்கே?

"நேரமில்லை டீச்சர்" என்பது எல்லோரும் சொல்வது. ஒரு நாள் வகுப்பில் கரும்பலகையில் கணக்குப் போட்டுப் பார்த்தோம். வாரத்துக்கு 168 மணித்தியாலங்கள். நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலம் தூங்கினால் 56. பாடசாலை காலை 7.30 முதல் பிற்பகல் 1.30 வரை, ஐந்து நாளுக்கு 30. பாடசாலைக்குப் போய்வர 5. தனியார் வகுப்புகளும் அதற்கான பயணமும் 16. வீட்டில் நாளுக்கு மூன்று மணித்தியாலம் சுயமாகப் படித்தால் 21. தொழுகை, சாப்பாடு, குளிப்பு, வீட்டு வேலை என்று நாளுக்கு மூன்று மணித்தியாலம் வைத்தால் இன்னொரு 21. மொத்தம் 149. மிச்சம் 19.

வகுப்பில் ஒரே சிரிப்பு. "அந்த 19உம் எங்கே போகுது?" என்று கேட்டேன். ஒருத்தி மெதுவாகக் கைத்தொலைபேசியைச் சைகையால் காட்டினாள். எல்லா வீட்டுக்கும் இந்தக் கணக்குப் பொருந்தாது. தாய் வெளிநாட்டில் இருக்க, தம்பி தங்கைகளுக்குச் சமைத்துக் கொடுத்துவிட்டுப் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களிடம் பாடசாலை முடிந்த பின் நிற்கச் சொல்வது அநியாயம். அவர்களுக்கு இடைவேளையில் செய்யக்கூடிய பொறுப்பைக் கொடுக்க வேண்டும். சுவர்ப் பத்திரிகைக்கு வரும் ஆக்கங்களை வாசித்துப் பிழை திருத்துவதை வீட்டில் இருந்தே செய்யலாம். மற்றவர்களுக்கு, அந்த 19இல் இரண்டைக் கேட்கிறேன்.

இரண்டு வருடத்தை இவ்வாறு வகுக்கலாம். தரம் 12இன் முதலாம் தவணையில் சேர்ந்து பழகுங்கள். இரண்டாம், மூன்றாம் தவணைகளில் பொறுப்பை ஏற்றுச் செய்யுங்கள். பெரிய நிகழ்ச்சிகள் எல்லாம் இந்தக் காலத்துக்குள் முடியட்டும். தரம் 13இன் ஆரம்பத்தில் தங்கையொருத்தியைப் பக்கத்தில் வைத்துப் பழக்குங்கள். பரீட்சைக்கு ஆறு மாதம் இருக்கும்போது கோவைகளையும் கணக்கையும் எழுத்தில் கையளித்துவிட்டு முழுமையாகப் படிப்புக்குத் திரும்புங்கள். இடையில் விட்டுவிட்டுப் போவதும் முடித்துக் கொடுத்துவிட்டுப் போவதும் வேறு வேறு.

வீட்டின் அச்சமும் பாடசாலையின் பொறுப்பும்

பெண் பிள்ளை என்றதும் இன்னும் சில கேள்விகள் வருகின்றன. யார் கூட்டிக்கொண்டு போவது? மஃரிபுக்கு முன் வீடு வருவாளா? பயிற்றுவிப்பவர் ஆணா, பெண்ணா? என்ன உடை? இவற்றைக் கேட்கும் பெற்றாரைப் பிற்போக்கானவர்கள் என்று சொல்லிவிடுவது இலகு. கேள்விக்குப் பதில் கொடுப்பதே பாடசாலையின் வேலை.

பயிற்சி எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடியும், கூட இருக்கும் ஆசிரியை யார் என்பதை ஒரு வாரம் முன்னதாகவே எழுத்தில் வீட்டுக்கு அனுப்பலாம். சொன்ன நேரத்துக்கு முடிக்க வேண்டும். ஒரு நாள் பிந்தினால் ஒரு வருட நம்பிக்கை போய்விடும். இயன்றவரை பெண் பயிற்றுவிப்பாளரை ஏற்பாடு செய்யலாம். வெளியூர்ப் போட்டிக்கு ஒரு தாயையும் அழைத்துப் போகலாம். உடையைக் காரணம் காட்டி விளையாட்டை நிறுத்தத் தேவையில்லை. தலையை மறைத்துக்கொண்டு விளையாட சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனம் 2014இலும், சர்வதேசக் கூடைப்பந்தாட்டச் சம்மேளனம் 2017இலும் இடமளித்துவிட்டன. விளையாட்டை விட்டுவிடாமல், கதவைத் தட்டிக்கொண்டே இருந்த பெண்களுக்குக் கிடைத்த மாற்றம் அது.

மாணவியரும் வீட்டில் ஒளிக்கக் கூடாது. "மேலதிக வகுப்பு" என்று பொய் சொல்லிவிட்டு ஒத்திகைக்கு வருபவள், தனக்குப் பின் வரும் பத்துப் பேரின் வழியை அடைக்கிறாள்.

நிறைவாக

இவ்வருடம் எங்கள் மன்றத்துக்குப் புதிய செயலாளர் தெரிவானாள். கூட்ட அறிக்கை எப்படி எழுதுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. பழைய புத்தகத்தைத் திறந்தால், சென்ற வருடத்துப் பக்கங்கள் பாதியில் நின்றுபோயிருந்தன. அடுத்த நாள் இடைவேளையில் நூலகத்துப் பக்கம் போனபோது, தரம் 13 மாணவி ஒருத்தி புதியவளின் பக்கத்தில் உட்கார்ந்து, "வந்தவங்கட எண்ணிக்கைய முதல்ல எழுதணும், தீர்மானத்த யார் முன்மொழிஞ்ச, யார் வழிமொழிஞ்ச எண்டு தனியா எழுதணும்" என்று சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கடிதம் எழுதி விலகிய அதே பிள்ளை. யாரும் அவளைக் கூப்பிடவில்லை. பாதியில் விட்டது அவளையும் உறுத்தியிருக்க வேண்டும்.

இப்போது சுவர்ப் பத்திரிகை மாதமொரு முறை வருகிறது. பேச்சுகளை மாணவியரே எழுதுகிறார்கள். சென்ற முறை வலய மட்டத்தில் எங்களுக்கு இடம் கிடைக்கவில்லை. அதைப் பற்றி நான் கவலைப்படவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் மேடையை விட்டு இறங்கி வந்த பிள்ளையிடம் கேள்வி கேட்டவர்களுக்கு அவளே பதில் சொன்னாள்.

அந்தத் தாயை அடுத்த பெற்றார் கூட்டத்தில் சந்திப்பேன். அவருடைய இளைய மகள் இவ்வருடம் தரம் 12க்கு வந்திருக்கிறாள். அவர் மீண்டும் அதே கேள்வியைக் கேட்டால் இம்முறை நேராகவே சொல்வேன்: "இசட் ஸ்கோர் கூடாது உம்மா. வாரத்துக்கு ரெண்டு மணித்தியாலம் தாங்க. பரீட்சைக்கு ஆறு மாசம் இருக்கக்க நானே புள்ளைய விட்டுடுவன். அதுக்குள்ள ஒரு வேலைய எடுத்து முடிக்கப் படிச்சுக்கொள்ளுவா."